மேனேஜர் அக்கா

ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேஜை விரிப்புகளுக்கு அவள் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி தகரம் மாதிரி நிற்கும். அவளும் அப்படித்தான், முதுகு வளையாமல் நிற்பாள். கோபம் வந்தால் இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்துவிடுவாள். அதைக் கண்டதும் மடிப்பு மேஜையில் இருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "கஞ்சி ஏறிடுச்சு" என்று ஒருத்தி கண்ணைக் காட்டுவாள். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மெஷின் சத்தம் மட்டும்தான்.

அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா சரக்குப் படகில் வேலைக்குப் போனவர், அக்கரையில் இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மா நாலு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது இவளுக்கு வயது பத்தொன்பது, தங்கைக்கு ஒன்பது. அடுத்த மாதமே ஹோட்டலின் பின்வாசலில் போய் நின்று வேலை கேட்டாள். அப்போது அங்கே ஒரே ஒரு மெஷின்தான், மிச்சமெல்லாம் கை. இன்றைக்கு ஆறு மெஷின், நாலு டிரையர், ஆள் உயர ரோலர் இஸ்திரி. எல்லாவற்றுக்கும் அவள்தான் தலைமை. எழுபத்திரண்டு அறைகளின் விரிப்புகளும் துண்டுகளும் அவள் கண்ணைத் தாண்டாமல் மேலே போகாது. இருபத்து நாலு வருஷத்தில் கை விரல்கள் எல்லாம் பிளீச்சில் வெடித்து, ரேகைகூட அழிந்துவிட்டது. வருகைப் பதிவுக்கு விரலை வைக்கும் கருவி வந்தபோது அது அவளை அடையாளம் தெரியாது என்று சாதித்தது. கடைசியில் அவளுக்கு மட்டும் பழைய நோட்டையே வைத்துவிட்டார்கள்.

தீவுப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் தங்கையைக் கடல் தாண்டி ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தாள். அதற்காக இரண்டு ஷிப்டு பார்த்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. கரண்டு ஆபீஸ் லைன்மேன் ஒருவர் இரண்டு வருஷம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, "இவ இஸ்திரிப் பெட்டியைத்தான் கட்டிக்குவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தங்கை படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கே லிஃப்டைப் பழுது பார்க்க வந்த இன்ஜினியரைப் பிடித்துப்போய்க் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் ஒரே வாரத்தில் அவசரமாக முடித்தார்கள். அந்த வாரம் பார்த்துப் புயல். ஐந்து நாள் கப்பல் ஓடவில்லை. துறைமுகத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே அக்கா தங்கையின் கல்யாணத்தைப் போனில் கேட்டாள். அதன் பிறகு எட்டு வருஷத்தில் தங்கை மட்டும் தனியாக மூன்று முறை வந்து போனாள். "அவருக்கு லீவு கிடைக்கல", "குழந்தைக்குக் கப்பல் ஒத்துக்காது" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அக்கா அதையெல்லாம் அப்படியே நம்பினாள்.

அதனால்தான், குடும்பத்தோடு பத்து நாள் வருகிறோம், மாமியாரும் வருகிறார், உன் ஹோட்டலிலேயே தங்குகிறோம் என்று தங்கை போனில் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தாள். அறைக்கதவின் கீல் சத்தம் போடுகிறது என்று எண்ணெய் விட்டாள். நாலு பேர் வந்தால் உட்கார நாற்காலி வாங்கினாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு" என்று தங்கை அப்போதே சொல்லியிருந்தாள். "என் மாமியார் கொஞ்சம் பொல்லாதவங்க. வேலை செய்யறவங்களையெல்லாம் மதிக்க மாட்டாங்க. நான் பக்குவமா எடுத்துச் சொல்லிட்டு, கடைசில ஒரு நாள் எல்லாரையும் உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீயா வந்து பேசிடாத."

"சரிடி. உனக்கு எது தோதோ அப்படிச் செய்."

மாமியார் பொல்லாதவர் என்றால் தங்கைக்கு நாம் எதற்கு இடைஞ்சலாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஏழு நாள் போயிற்று. பதினாலாம் நம்பர் அறையும் பதினைந்தாம் நம்பர் அறையும் அவர்களுடையவை. தினமும் காலையில் அந்த அறை விரிப்புகள் வண்டியில் வந்து விழும். ஒன்றில் மணல் நிறைய இருக்கும். அது குழந்தை படுத்தது என்று அவளுக்குத் தெரியும். ஆறு வயசுக் குழந்தை, போட்டோவில் மட்டும் பார்த்தது. அந்த விரிப்பை மட்டும் அவளே உதறுவாள். தங்கை இரண்டு தடவை பின்வாசல் பக்கம் வந்து, நின்ற வாக்கில் கால் மணி நேரம் பேசிவிட்டு, "தேடுவாங்கக்கா" என்று ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் பச்சைக் கறை ஏறிவிட்டது. குழந்தை தன் மெழுகுக் கலர்க் குச்சியை அப்பாவின் சட்டைப் பையில் போட்டிருந்திருக்கிறது. அது டிரையரில் உருகிவிட்டது. மாப்பிள்ளை முன்பக்கம் போய், "சலவைப் பிரிவில் பொறுப்பில்லாதவர்கள் இருக்கிறார்கள்" என்று புகார் எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதம் அவளிடம் வந்தது. பையைத் துழாவிப் பார்க்காதது எங்கள் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டாள். அதுவரை அவள் பிரிவுக்கு அப்படி ஒரு காகிதம் வந்ததில்லை. எழுதினவன் யார் என்று மடிப்பு மேஜைப் பெண்களிடம் அவள் சொல்லவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம், விருந்தாளிகள் யாரும் வராத சலவைப் பிரிவின் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் ஒரு பட்டுச் சால்வை.

"கறை எடுக்கத் தெரிஞ்சவங்க இங்க யாரும்மா?"

"நான்தாம்மா. என்ன கறை?"

"மாம்பழச் சாறு. பேத்தி கொட்டிட்டா. தண்ணி தொடல, தொட்டா பரவிடும்."

கஞ்சியக்காவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. கறை பட்டதும் தண்ணீரில் முக்கி நாசம் பண்ணிவிட்டுக் கொண்டுவருகிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். "துணி தெரிஞ்சவங்க மாதிரி பேசறீங்க" என்றாள்.

"தெரியாம? யூனிஃபார்ம் தைக்கற கம்பெனில இருபத்தாறு வருஷம் மெஷின்ல உக்காந்தவ நான். காலர் மட்டும்தான். ஒரு நாளைக்கு நூத்தி எண்பது காலர். இந்தக் கட்டை விரலைப் பாருங்க, ஊசி ரெண்டு தடவை நேரா இறங்கி மறுபக்கம் வந்திருக்கு."

கஞ்சியக்கா விரலைப் பார்த்தாள். அந்த அம்மாளும் இவள் கையைப் பார்த்தார். "பிளீச்சா?" என்றார். "ஆமாம்மா." "ராத்திரி படுக்கும்போது எண்ணெய் தடவிக்கிட்டு உறை போட்டுக்கோங்க. எங்க கம்பெனில சாயப் பிரிவுல இருந்தவங்க அப்படித்தான் செய்வாங்க."

சால்வையை வாங்கிக்கொண்டு, சீட்டு எழுதுவதற்காக அறை எண் கேட்டாள்.

"பதினஞ்சு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இந்த அம்மாள்தானா பொல்லாத மாமியார்?

"உங்க மேனேஜரம்மா இருந்திருந்தா அவங்ககிட்டயே குடுத்திருப்பேன்" என்று அவர் தொடர்ந்தார். "அவங்க என் மருமகளோட அக்கா. ஏதோ பயிற்சிக்குப் போயிருக்காங்களாமே? நாங்க வர்ற நேரம் பாத்து. கிளம்பறதுக்குள்ள வந்துடுவாங்கன்னு மருமக சொல்றா. தங்கச்சியை ஒத்தையா நின்னு வளர்த்து ஆளாக்கினவங்களாம். அப்படி ஒருத்தியை நேர்ல பாத்துக் கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசணும்னுதான் நான் வந்ததே. இல்லன்னா, கப்பல்ல கால் வெச்சாலே குடலைப் பிடுங்கிட்டு வாந்தி எடுக்கற எனக்கு இந்தத் தீவு எதுக்கு?"

"மேனேஜரம்மா" என்று கஞ்சியக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆமா. நல்லவங்கதானே? உங்களையெல்லாம் நல்லா நடத்தறாங்களா?"

"நடத்தறாங்கம்மா" என்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அம்மாள் போனதும் மடிப்புக்காரப் பெண் ஒருத்தி சிரித்தாள். "ஏன்கா, நம்ம டை கட்டின மேனேஜர் தம்பி எப்பக்கா மேனேஜரம்மா ஆனாரு?"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அக்கா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனவள் புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளுக்கிறவள் என்று தங்கை சொல்லத் தயங்கினாள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அம்மாளைப் பொல்லாதவர் ஆக்கியது எதற்கு? தன் வெட்கத்தைத் தூக்கி ஒரு நல்ல மனுஷியின் தலையில் வைத்துவிட்டாள். இவளும் ஏழு நாளாக அந்த அம்மாளை மனசுக்குள் வைதுகொண்டிருந்தாள். முன்பின் பார்க்காத ஒருத்தியை வைய வைத்துவிட்டாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. புது நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் தள்ளினாள்.

எட்டாம் நாள் காலை தங்கையைத் துணி காயப்போடும் முற்றத்துக்கு வரச் சொன்னாள். இரண்டு பக்கமும் ஈர விரிப்புகள் தொங்க, நடுவில் இருவரும் நின்றார்கள்.

"உன் மாமியார் வந்திருந்தாங்க."

தங்கையின் முகத்தில் ரத்தம் வற்றியது. "என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல? மேனேஜரம்மா எங்களை நல்லா நடத்தறாங்கன்னு சொன்னேன்."

"அக்கா..."

"பொல்லாதவங்கன்னு சொன்னியேடி! வேலை செய்யறவங்களை மதிக்க மாட்டாங்கன்னு சொன்னியே! நூத்தி எண்பது காலர் தைச்ச பொம்பளைக்கு, துணி வெளுக்கறவளைப் பாத்தா கேவலமா இருக்குமா? யாருக்குடி கேவலம்? வாயைத் திறந்து சொல்லு."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தான்" என்றாள்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கஞ்சியக்கா கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹாஸ்டல்ல முதல் நாள்கா" என்று தங்கை அழ ஆரம்பித்தாள். "எல்லாரும் அப்பா டாக்டர், அம்மா டீச்சர்னு சொன்னாங்க. நான் அக்கா ஹோட்டல்ல வேலைன்னேன். என்ன வேலைன்னு கேட்டா ஒருத்தி. மேனேஜர்னு வாயில வந்துடுச்சு. பதினஞ்சு வயசுக்கா எனக்கு. அப்புறம் அதை எங்க நிறுத்தறதுன்னு தெரியல."

"பதினஞ்சு வயசுல சொன்ன பொய்யை முப்பத்தி மூணு வயசு வரைக்கும் சோறு ஊட்டி வளர்த்திருக்க. நான் உன்னை வளர்த்ததைவிட நல்லாவே வளர்த்திருக்க."

"கோவப்படாதக்கா. இன்னும் ரெண்டே நாள்." தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கையிலிருந்த பையைத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறக் கோட்டு, ஆபீஸ் போகிறவர்கள் போடுவது. "நாளைக்கு நீ பயிற்சி முடிஞ்சு வந்துடுவேன்னு சொல்லிட்டேன். அவங்க விடமாட்டேங்கறாங்க. நாலு மணிக்குத் தோட்டத்துல ஒரு பத்து நிமிஷம். இதைப் போட்டுக்கிட்டு வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடு. உன் மேனேஜரும் அந்த நேரம் மீட்டிங்ல இருப்பாராம், விசாரிச்சுட்டேன். அத்தை உன்னைப் பாத்துட்டாங்கதான். ஆனா அப்ப நீ தொப்பி போட்டிருந்த, யூனிஃபார்ம்ல இருந்த. தலையைப் பிரிச்சு வாரிட்டா அடையாளம் தெரியாது. கண்ணாடி போட்டும் அவங்களுக்குப் பார்வை சரியில்ல."

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். தன் கூடப்பிறந்தவள் அடையாளம் தெரியாமல் போவதற்கு எது எது வேண்டுமோ, அத்தனையும்.

கஞ்சியக்கா கோட்டைக் கையில் வாங்கினாள். பழக்க தோஷம், விரல் தானாகவே காலரைத் திருப்பித் துவைக்கும் குறிப்பைத் தேடியது. "எனக்குத் தோள் பத்தாது" என்றாள். "ஈரத் துணி தூக்கித் தூக்கி அகண்ட தோள் இது."

"பட்டன் போடாம விட்டுக்கலாம்கா."

"நாலு மணின்னா சொன்ன?"

"நாலு."

"வரேன்."

தங்கை அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ தெய்வம்கா" என்றாள். அக்கா கையை உருவிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் டை கட்டின இளைஞர், வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. "நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பக்கம் போறேன் சார்" என்றாள்.

"எதுக்குக்கா?"

"உங்க வேலையை ஒருத்தங்க எனக்குக் குடுத்திருக்காங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வரணும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

நாலு மணிக்கு அவள் நீல யூனிஃபார்மிலேயே கிளம்பினாள். தொப்பியும் தலையில்தான் இருந்தது. ஒரு கையில் கறை நீங்கி, இஸ்திரி போட்டுக் காகிதத்தில் சுற்றிய சால்வை. இன்னொரு கையில் ஹேங்கரில் தொங்கும் சாம்பல் கோட்டு, அதன் கழுத்தில் "14" என்று எழுதின சலவைச் சீட்டு. பளிங்குத் தரையில் அவளுடைய ரப்பர்ச் செருப்பு சரக் சரக்கென்று சத்தம் போட்டது. வாசலில் காவலாளி பதறி ஓடிவந்தார்.

"அக்கா, அந்தப் பக்கமால்ல போகணும்..."

"இன்னிக்கு இந்தப் பக்கம்தான்."

தோட்டத்தில் வட்ட மேஜையைச் சுற்றி நாலு பேரும் இருந்தார்கள். மாமியார் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். தங்கை முதலில் கோட்டைத்தான் பார்த்தாள். அது ஹேங்கரில் இருப்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அம்மா, உங்க சால்வை. கறை போயிடுச்சு" என்று கஞ்சியக்கா மேஜையில் வைத்தாள். "இது பதினாலாம் நம்பர் கோட்டு." அதைத் தங்கையின் நாற்காலி முதுகில் மாட்டினாள். "மேனேஜரம்மாவைப் பாக்கணும்னு சொன்னீங்க. இந்த ஹோட்டல்ல மேனேஜரம்மா யாரும் கிடையாது. இவளை வளர்த்தவ நான்தான். துணி வெளுத்து வளர்த்தேன். கையைப் பிடிக்கணும்னீங்க, முந்தாநேத்தே பாத்துட்டீங்க இந்தக் கையை."

சலவைப் பிரிவில் பொறுப்பில்லாதவர்கள் என்று தான் எழுதியது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது போல, காது வரை சிவந்துபோனான். குழந்தை மட்டும் ஐஸ்கிரீம் கரண்டியை வாயில் வைத்தபடியே எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"எட்டு வருஷம். எட்டு வருஷமா என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருக்க. நானே மெஷின்ல உக்காந்து இவனைப் படிக்க வெச்சவ. என்கிட்ட மறைக்கற அளவுக்கு அப்படி என்ன கேவலத்தைக் கண்ட? நன்றி கெட்ட ஜென்மம்! கூடப்பிறந்தவளையே இல்லைன்னு சொன்னவ நாளைக்கு எங்களை என்ன சொல்லமாட்டா? என்ன வளர்ப்போ இது..."

"போதும்மா."

கஞ்சியக்கா அப்படிக் குறுக்கே பேசுவாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"வளர்ப்பு என்னோடது. அதைப் பத்திப் பேசாதீங்க. அவ செஞ்சது தப்பு, நூறு தடவை தப்பு. ஆனா நன்றி கெட்டவன்னு சொல்றதுக்கு எனக்குத்தான் பாத்தியதை இருக்கு, வேற யாருக்கும் இல்ல. இதை வெச்சு நாளைக்கு உங்க வீட்டுல அவளை யாராவது குத்திக் காட்டினாங்கன்னு என் காதுல விழுந்துதுன்னா, நான் கப்பல் ஏறி வருவேன். எனக்கு வாந்தியெல்லாம் வராது."

மாமியார் அசந்துபோனார். தங்கை விம்மிக்கொண்டே அறைப் பக்கம் ஓடினாள். மாப்பிள்ளை எழுந்து, "அக்கா, உக்காருங்கக்கா, ப்ளீஸ்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஷிப்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். சலவைப் பிரிவுக்கு வந்து ரோலரின் முன்னால் நின்றாள். அன்றைக்கு அவள் தேய்த்த மேஜை விரிப்புகளில் மூன்று கருகிப்போயின.

பத்தாம் நாள், அவர்கள் கிளம்பும் நாள். கப்பல் பத்து மணிக்கு. எட்டரைக்குச் சலவைப் பிரிவின் வாசலில் நிழல் விழுந்தது. தங்கை. முகம் வீங்கியிருந்தது. கூடக் குழந்தை.

"அக்கா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. மடிப்பு மேஜையில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். இவளுக்கு ஒரு தங்கை உண்டு, அக்கரையில் பெரிய வேலை என்று தெரியும். பத்து நாளாக இதே கூரைக்கு மேலே இருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கஞ்சியக்கா மெஷினை நிறுத்தவில்லை. "விருந்தாளிங்க இந்தப் பக்கம் வரக் கூடாது. வாசல்ல போர்டு இருக்கே, படிச்சவதானே நீ?"

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். குழந்தைக்குப் போர்டெல்லாம் ஒரு பொருட்டில்லை. நேராக உள்ளே வந்து, "நீங்கதான் என் பெரியம்மாவா?" என்று கேட்டது.

"ஆமா."

"அப்ப ஏன் எங்க கூட ஒரு நாள்கூடச் சாப்பிட வரல?"

"கூப்பிடலடா கண்ணு" என்றாள் கஞ்சியக்கா. குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் வாசல் வரைக்கும் கேட்கிற குரலில்.

குழந்தை மெஷினின் வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, நுரைக்குள் துணி புரளுவதைப் பார்த்தது. "உள்ள யாராவது இருக்காங்களா?" என்றது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை, ஆனால் குழந்தையைத் தூக்கித் தள்ளுவண்டியில் இருந்த துண்டுக் குவியலின் மேல் உட்காரவைத்து, பிரிவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். அதை மட்டும் தொடவிடவில்லை. சுற்றி முடித்துக் குழந்தையை வாசலில் இறக்கிவிட்டபோது தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகவிடுக்கா. திட்டிடு. நாலு அறை குடு."

"உன்னை அடிச்சா எனக்குத் தணிஞ்சிடும். தணியறது எனக்கு வேண்டாம். போ, கப்பல் உனக்காக நிக்காது."

மாப்பிள்ளை முன்பக்கம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கப் பார்த்ததாக டை கட்டின தம்பி பிறகு வந்து சொன்னார். "கிழிச்சுடலாமாக்கா?" என்று கேட்டார். கிழிக்கக் கூடாது என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பையைப் பார்க்காதது தப்புதான், யார் சொன்னால் என்ன. அந்தக் காகிதம் இன்னும் அவள் கோப்பில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் போன் அடித்தது. மாமியார்.

"கோவமா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நானும்தான். நீங்க அத்தனை பேர் முன்னாடி என் வாயை அடைச்சீங்களே. சரி, அது கிடக்கட்டும். துருக் கறை எப்படி எடுக்கறது?"

அதிலிருந்து புதன்கிழமை தவறாமல் பேச்சு. துருக் கறை, மைக் கறை, பழைய கம்பெனி மேஸ்திரியின் அட்டூழியம், ரோலரின் சூடு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவார்கள். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அக்கா எடுப்பாள். "குழந்தை சாப்பிட்டாளா? ஸ்கூல் போனாளா?" என்று கேட்பாள். பதில் வந்ததும் வைத்துவிடுவாள். தன் அக்கா எப்படி இருக்கிறாள், கை விரல் ஆறிற்றா, மழையில் கூரை ஒழுகிற்றா என்பதெல்லாம் தங்கைக்கு மாமியார் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. அது அவளை அரித்தது. அரிக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஒரு புதன்கிழமை, சட்டைக் காலரைத் தேய்ப்பது உள்பக்கத்திலிருந்தா வெளிப்பக்கத்திலிருந்தா என்று இருவரும் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், அந்தப் பக்கம் போனை யாரோ பிடுங்கினார்கள்.

"அக்கா, என்கிட்டயும் ரெண்டு நிமிஷம் பேசேன்."

"குழந்தை சாப்பிட்டாளா?"

"அது இல்லக்கா. பேசு."

"நீ பேசு. கேக்கறேன்."

கஞ்சியக்கா போனை எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மடிப்பு மேஜையில் வைத்துவிட்டுத் தலையணை உறைகளை மடிக்க ஆரம்பித்தாள். மேஜையைச் சுற்றி ஏழு பெண்கள். ஒருத்தி போன் பக்கம் குனிந்து, "யாருங்க பேசறது?" என்று கேட்டாள். போனில் கேட்கும் மெஷின் சத்தத்திலிருந்தே, அக்கா எங்கே நிற்கிறாள், யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் அவங்க தங்கச்சிங்க" என்று குரல் வந்தது. "அக்காதான் எனக்குத் துணி வெளுத்து வளர்த்தவங்க... இல்ல, துணி வெளுத்து என்னை வளர்த்தவங்க." உளறிவிட்டு அழுதது.

"சரியாச் சொல்லக் கத்துக்கிட்டு அடுத்த புதன்கிழமை கூப்பிடு" என்றாள் கஞ்சியக்கா. உறைகளை எண்ணிக் கட்டி வண்டியில் வைத்தாள். பிறகு அடுத்த கட்டை இழுத்தாள். போனை அவள் அணைக்கவில்லை.